ஹாக்கியின் பிராட்மன் என்று ஏன் சொல்ல வேண்டும்?

ஆகஸ்ட் மாதக் கடைசி வாரம் வந்தால் நம் வாட்ஸ்அப் குழுக்களில் இரண்டு பெயர்கள் அடுத்தடுத்து வரும். 27-ஆம் தேதி டான் பிராட்மன் பிறந்த நாள். அவர் பிறந்தது 1908-இல். 29-ஆம் தேதி தியான் சந்த் பிறந்த நாள். இவர் பிறந்தது 1905-இல். முதல் நாள் "கிரிக்கெட் மேதை டான் பிராட்மன்" என்று படம் போடும் அதே நண்பர்கள், இரண்டு நாள் கழித்து "ஹாக்கியின் பிராட்மன் தியான் சந்த்" என்று படம் போடுகிறார்கள். கீழே நாலைந்து பேர் கை கூப்பிய பொம்மை போடுகிறார்கள். அத்தோடு அந்த ஆண்டுக்கான ஹாக்கிப் பேச்சு முடிந்துவிடுகிறது.

நல்ல எண்ணத்தில்தான் போடுகிறார்கள். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனாலும் அந்த வரியில் எனக்கு உடன்பாடு கிடையாது. தியான் சந்தைப் புகழ்வதாக நினைத்துக்கொண்டு அவரை ஒரு படி கீழே உட்கார வைக்கிறோம் என்பது என் எண்ணம். அதற்கான காரணங்களைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். பொறுமையாகப் படியுங்கள்.

தளியில் இருப்பவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். வெள்ளைக்காரர்கள் இந்த மேட்டையும் குளிரையும் பார்த்து நம் ஊரைக் "குட்டி இங்கிலாந்து" என்றார்கள். இன்றும் வெளியூர்க்காரர்களிடம் ஊரை அறிமுகப்படுத்தும்போது நாமே அதைப் பெருமையோடு சொல்கிறோம். சரி, அந்தப் பெயரில் தளி எங்கே இருக்கிறது? ஏரி இருக்கிறதா? யானை இறங்கும் ராகிக் கொல்லை இருக்கிறதா? பசுமைக்குடில் ரோஜா இருக்கிறதா? தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே வாயில் வரும் கடைத்தெரு இருக்கிறதா? ஒன்றும் இல்லை. குளிர் மட்டும்தான் இருக்கிறது. அதுவும் இங்கிலாந்தின் குளிர். இங்கிலாந்துக்காரன் எவனும் தன் நாட்டைப் "பெரிய தளி" என்று சொல்லி நான் கேட்டதில்லை.

இன்னோர் உதாரணம். எல்லையில் வாழ்கிறவர்களுக்கு இது நன்றாகப் புரியும். நம் பக்கத்து ஆனேக்கல் நண்பர் ஒருவரிடம் போய், "உங்கள் ராஜ்குமார் கன்னடத்து எம்.ஜி.ஆர்." என்று சொல்லிப் பாருங்கள். நாம் பாராட்டாகத்தான் சொல்வோம். அவர் முகம் சுருங்கும். "ஏன் சார், எம்.ஜி.ஆர். தமிழ்நாட்டு ராஜ்குமார் என்று சொல்லக் கூடாதா?" என்று கேட்பார். அவர் கேள்வி நியாயமானது. ராஜ்குமார் சொந்தக் குரலில் பாடியவர், புராணப் படம் முதல் துப்பறியும் படம் வரை நடித்தவர், அவருடைய வழி வேறு. எம்.ஜி.ஆர். வழி வேறு. இருவருக்கும் பெருங்கூட்டம் இருந்தது என்கிற ஒரே ஒற்றுமையை வைத்துக்கொண்டு ஒருவரை இன்னொருவரின் நகலாக்கினால் யாருக்குத்தான் பிடிக்கும்?

நம் இலக்கணமும் இதைத்தான் சொல்கிறது. தொல்காப்பியத்தில் உவமைக்கென்றே தனி இயல் இருக்கிறது. அங்கே உவமையாகக் காட்டப்படும் பொருள், எதை விளக்க வந்தோமோ அதைவிட உயர்ந்ததாக இருக்க வேண்டும் என்ற கருத்து இருக்கிறது. நிலவு போன்ற முகம் என்போம். முகம் போன்ற நிலவு என்று சாதாரணமாகச் சொல்வதில்லை. அப்படியானால் "ஹாக்கியின் பிராட்மன்" என்று சொன்ன அந்த நிமிஷமே யார் நிலவு, யார் முகம் என்று தீர்ப்பு எழுதிவிட்டோம். பிராட்மன் அளவுகோல். தியான் சந்த் அளக்கப்படும் துணி. "கிரிக்கெட்டின் தியான் சந்த்" என்று பிராட்மனை யாரும் அழைத்து, என் எழுபது சொச்சம் வயதில் நான் கேட்டதே இல்லை.

நான் பள்ளிப் படிப்பைப் பிரெஞ்சு வழியில் முடித்தவன். எங்கள் வாத்தியார் கட்டுரை நோட்டைத் திருத்தும்போது அடிக்கடி ஒரு பழமொழியைச் சிவப்பு மையில் எழுதுவார். "கொம்பரேசோன் நே பா ரேசோன்." ஒப்பிட்டுக் காட்டிவிட்டால் நிரூபித்ததாக ஆகாது என்பது அதன் பொருள். அதுவும் இதுவும் ஒன்று போலத் தோன்றுகிறது என்பதோடு நிறுத்தாதே, ஏன் அப்படி என்று காரணம் எழுது என்று அதற்கு அர்த்தம். பிற்காலத்தில் அரசு அலுவலகத்தில் குமாஸ்தாவாக உட்கார்ந்தபோது அந்தப் பழமொழியின் அருமை தெரிந்தது. நாற்காலி வாங்குவதென்றாலும் விலைப்புள்ளி கேட்டு ஒப்பீட்டுப் பட்டியல் போட வேண்டும். மூன்று பேரும் ஒரே அளவு, ஒரே மரம், ஒரே வேலைப்பாடு உள்ள நாற்காலிக்கு விலை கொடுத்திருந்தால்தான் பட்டியல் செல்லும். ஒருவர் தேக்கு நாற்காலிக்கும் இன்னொருவர் இரும்பு நாற்காலிக்கும் விலை கொடுத்திருந்தால் கோப்பு அப்படியே திரும்பி வரும்.

அந்தக் குமாஸ்தா கண்ணோடு இந்த இரண்டு மேதைகளையும் ஒரு பட்டியலில் வைத்துப் பார்ப்போம்.

பிராட்மன் பக்கம் நிரப்புவது எளிது. 52 டெஸ்ட், 80 இன்னிங்ஸ், 6,996 ரன், சராசரி 99.94. கடைசி இன்னிங்ஸில் நாலே நாலு ரன் எடுத்திருந்தால் சராசரி 100 ஆகியிருக்கும். லண்டன் ஓவல் மைதானத்தில் எரிக் ஹோலிஸ் வீசிய பந்தில் பூஜ்யத்தில் ஆட்டமிழந்தார். இவை எந்தப் புத்தகத்தில் பார்த்தாலும் மாறாது. ஏனென்றால் கிரிக்கெட் என்பது கணக்கப்பிள்ளையின் ஆட்டம். ஒரு பந்து வீசினால் ஒரு புள்ளி, ஓடினால் ஓர் எண், விழுந்தால் ஒரு பெருக்கல் குறி என்று எல்லாவற்றையும் எழுதிவைக்கும் ஆட்டம் அது. விஸ்டன் ஆண்டு மலர் 1864 முதல் இந்தக் கணக்கை அச்சில் போட்டு வருகிறது.

தியான் சந்த் பக்கம் வாருங்கள். 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் இந்தியா ஐந்து ஆட்டங்களில் 29 கோல் போட்டது. ஒரு கோல்கூட வாங்கவில்லை. அதில் 14 கோல் தியான் சந்த் போட்டவை. 1932 லாஸ் ஏஞ்சலிஸில் மொத்தமே மூன்று நாடுகள்தான் ஹாக்கி ஆட வந்தன. ஜப்பானை 11-1 என்றும் அமெரிக்காவை 24-1 என்றும் ஜெயித்தோம். 1936 பெர்லினில் அரையிறுதியில் பிரான்சை 10-0 என்று தோற்கடித்தோம். இறுதியாட்டத்தில் ஜெர்மனியை 8-1 என்று வென்றோம். அந்த இறுதியாட்டம் மழையால் ஒரு நாள் தள்ளிப்போய் ஆகஸ்ட் 15 அன்று நடந்தது. பதினோரு வருஷம் கழித்து அந்தத் தேதிக்கு வேறு மகிமை வந்தது.

ஆனால் அந்த எட்டில் தியான் சந்த் போட்ட கோல் எத்தனை? மூன்று என்று ஒரு நூலில் இருக்கும், ஆறு என்று இன்னொன்றில் இருக்கும். ஒலிம்பிக் இறுதியாட்டத்துக்கே கதி இதுதான். பிராட்மன் விஷயத்தில் ஒரு ரன் கூடக் குறைய எழுத எவருக்காவது துணிச்சல் வருமா? இது ஹாக்கியின் குறை என்று நான் சொல்லவில்லை. ஹாக்கி வேறு வகை ஆட்டம் என்று சொல்கிறேன். அந்தக் காலத்தில் ஐந்து பேர் முன்வரிசையில் ஆடுவார்கள். நடுவில் இருப்பவர் சென்டர் ஃபார்வர்ட். பந்து ஒருவர் மட்டையிலிருந்து இன்னொருவர் மட்டைக்குப் போய், அங்கிருந்து மூன்றாமவருக்குப் போய்க் கோலாகும். கடைசியாகத் தட்டியவர் பெயர் எழுதப்படும். அவருக்குக் காலியிடம் உண்டாக்கிக் கொடுத்தவர் பெயர் எங்கும் இருக்காது.

1932-இல் அமெரிக்காவுக்கு எதிராகத் தியான் சந்த் போட்டது 8 கோல். அவர் தம்பி ரூப் சிங் போட்டது 10. அந்தப் போட்டி முழுவதிலும் அண்ணனுக்கு 12, தம்பிக்கு 13. சராசரி பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் ஆசாமி தம்பிதான் பெரிய ஆட்டக்காரர் என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவார். பக்கத்தில் நின்று ஆடிய அண்ணன் எத்தனை பேரைத் தன் பக்கம் இழுத்துத் தம்பிக்கு வழி விட்டார் என்பது எந்த ஏட்டிலும் இல்லை. அதே போல 1928-இல் ஒரு கோல்கூட விடாமல் காத்த ரிச்சர்ட் ஆலனை எந்த எண்ணால் அளப்பது? அவர் கணக்கு வெறும் பூஜ்யம். கிரிக்கெட்டில் பூஜ்யம் அவமானம். கோல் காப்பவருக்குப் பூஜ்யம்தான் மகுடம்.

ஆகவே இந்த ஒப்பீட்டுப் பட்டியலில் ஒரு பத்தி தேக்கு, ஒரு பத்தி இரும்பு. கோப்பைத் திருப்பி அனுப்ப வேண்டியதுதான்.

இவர்கள் இருவரும் 1935-இல் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் சந்தித்தது உண்மை. இந்திய ஹாக்கி அணி ஆஸ்திரேலியா, நியூசிலாந்து நாடுகளில் சுற்றுப்பயணம் போயிருந்தது. அந்தப் பயணத்தில் மட்டும் தியான் சந்த் ஏறத்தாழ 200 கோல் போட்டார். ரன் எடுப்பதைப் போல இவர் கோல் போடுகிறார் என்ற பொருளில் பிராட்மன் வியந்து பேசியதாகச் சொல்வார்கள். அவர் அப்படிச் சொன்னதில் தப்பே இல்லை. கிரிக்கெட்காரர் தனக்குத் தெரிந்த பாஷையில் பாராட்டினார். தச்சர் ஒருவர் நல்ல வீணையைப் பார்த்து, மரத்தை எவ்வளவு அழகாக இழைத்திருக்கிறான் என்று சொல்வது போல. வீணை வாசிப்பவர்களும் கேட்பவர்களுமான நாம் அதற்குப் பிறகு எண்பது தொண்ணூறு வருஷமாக மரத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கலாமா?

இதில் 1948-ஆம் வருஷம் நடந்த ஒன்றை நான் அடிக்கடி நினைப்பதுண்டு. பிராட்மன் ஓவலில் பூஜ்யத்தில் ஆட்டமிழந்தது ஆகஸ்ட் 14 அன்று. அதற்கு இரண்டு நாள் முன்னால், ஆகஸ்ட் 12 அன்று, அதே லண்டன் நகரில் வெம்பிளி மைதானத்தில் ஒலிம்பிக் ஹாக்கி இறுதியாட்டம் நடந்தது. சுதந்திரம் அடைந்து ஒரு வருஷம்கூட நிறையாத இந்தியா, நேற்று வரை ஆண்ட பிரிட்டனை அதன் தலைநகரிலேயே 4-0 என்று வென்று தங்கம் வாங்கியது. அதில் இரண்டு கோல் பல்பீர் சிங் போட்டவை. இதே பல்பீர் 1952 ஹெல்சிங்கி இறுதியாட்டத்தில் நெதர்லாந்துக்கு எதிராக ஐந்து கோல் போட்டார். மூன்று ஒலிம்பிக் தங்கம் வாங்கியவர். ஒரே நகரம், ஒரே வாரம். பிராட்மனின் அந்தப் பூஜ்யம் நம் ஊரில் பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். நம் சொந்தத் தங்கம் எத்தனை பேருக்குத் தெரியும்? அடுத்தவர் வீட்டுப் பூஜ்யத்தை ஞாபகம் வைத்துக்கொண்டு, நம் வீட்டு நாலு கோலை மறந்துவிட்டோம். இந்த மறதிதான் ஒப்பீட்டின் வேர். ஆளைத் தெரியாதபோதுதான் "இன்னார் மாதிரி" என்று சொல்ல வேண்டி வருகிறது.

கிரிக்கெட்டை விட்டுவிட்டுக் கால்பந்தோடு ஒப்பிட்டால் என்ன என்று கேட்கலாம். அதையும் செய்திருக்கிறார்கள். பாகிஸ்தானின் ஷாபாஸ் அகமதை ஹாக்கியின் மரடோனா என்றார்கள். அர்ஜென்டினாவின் லூசியானா அய்மாரையும் அப்படியே அழைத்தார்கள். 2001 முதல் 2013 வரை எட்டு முறை உலகின் சிறந்த வீராங்கனையாகத் தேர்வானவர் அவர். பிறந்தது ரொசாரியோ நகரம். மெஸ்ஸியும் அதே ஊர்க்காரர்தான். அவரும் தங்கப் பந்து விருதை எட்டு முறை வாங்கியிருக்கிறார். அய்மார் 1977-இல் பிறந்தவர், மெஸ்ஸி 1987-இல் பிறந்தவர். மூத்தவர் அய்மார். ஆனாலும் மெஸ்ஸியைக் "கால்பந்தின் அய்மார்" என்று யாராவது சொன்னார்களா?

கால்பந்து ஒப்பீடு கிரிக்கெட் ஒப்பீட்டைவிடக் கொஞ்சம் பொருத்தமானது என்பதை மறுக்கவில்லை. இரண்டிலும் பதினொரு பேர், இரண்டிலும் கோல், இரண்டிலும் எதிராளியை ஏமாற்றிப் பந்தைக் கொண்டு போக வேண்டும். ஆனால் ஹாக்கி மட்டைக்கு ஒரு பக்கம்தான் தட்டை, மறுபக்கம் உருண்டை. தட்டைப் பக்கத்தால்தான் பந்தைத் தொடலாம். பந்து இடப்பக்கம் போய்விட்டால் மணிக்கட்டைத் திருப்பி மட்டையைத் தலைகீழாக்கி எடுக்க வேண்டும். குனிந்த முதுகோடு முழு வேகத்தில் ஓடிக்கொண்டே இதைச் செய்ய வேண்டும். மரடோனாவுக்கு இரண்டு கால் இருந்தது, காலின் எல்லாப் பக்கமும் அவருக்கு உதவியது. ஷாபாஸ் ஒரு கழியின் ஒரு பக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு நாலு பேரைத் தாண்டினார். "மரடோனா" என்ற ஒரே சொல்லில் அந்தக் கஷ்டம் முழுவதும் மறைந்துபோகிறது.

பக்கத்து உதாரணத்துக்கு வருவோம். நம் ஊரிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் பெங்களூரின் ராகுல் டிராவிடைச் "சுவர்" என்கிறோம். கோல் காப்பவரான ஸ்ரீஜேஷையும் அதே பெயரால் அழைக்கிறார்கள். டிராவிடுக்கு அது பொருந்தும். நாள் முழுதும் நின்று பந்தைத் தடுத்தவர். ஆனால் கோல் காப்பவர் சுவராக நின்றால் பிழைப்பு நடக்குமா? கோலின் அகலம் 12 அடி, உயரம் 7 அடி. பெனால்டி கார்னரில் இழுத்து வீசும் பந்து மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் வரும். அவர் முன்னால் வர வேண்டும், கோணத்தைக் குறைக்க வேண்டும், பாய வேண்டும், விழுந்த வேகத்தில் எழ வேண்டும், இடையில் தன் அணிக்காரர்களைக் கூப்பிட்டு நிறுத்த வேண்டும். 2021 ஆகஸ்ட் 5 அன்று டோக்கியோவில் ஜெர்மனிக்கு எதிராக 5-4 என்று நாம் முன்னணியில் இருந்தபோது, ஆட்டம் முடிய சில விநாடிகள் இருக்கையில் அவர்களுக்குப் பெனால்டி கார்னர் கிடைத்தது. ஸ்ரீஜேஷ் அதைத் தடுத்தார். 41 வருஷம் கழித்து ஒலிம்பிக் ஹாக்கிப் பதக்கம் வந்தது. அவரைச் சுவர் என்பது, ஓடுகிற ஆற்றைப் பார்த்துக் குளம் என்பதைப் போல.

வேறு விளையாட்டோடு வேண்டாம், ஹாக்கிக்குள்ளேயே ஒப்பிடலாமே என்றால் அதுவும் லேசான காரியம் இல்லை. தியான் சந்த் ஆடியது புல்தரை. 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் செயற்கைத் தரை வந்தது. பிறகு ஆஃப்சைடு விதி போயிற்று. ஆட்களை மாற்றி மாற்றி இறக்கலாம் என்று வந்தது. 35 நிமிஷம் இரண்டு பாதியாக இருந்த ஆட்டம் பதினைந்து பதினைந்து நிமிஷமாக நாலு கால் பகுதி ஆயிற்று. பெயர்தான் ஒன்றே தவிர, ஆட்டம் கிட்டத்தட்ட வேறு.

தன்ராஜ் பிள்ளையை எடுத்துக்கொள்ளுங்கள். புனே பக்கத்துக் கட்கியில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, உடைந்த மட்டையை வைத்து ஆடக் கற்றவர். நாலு ஒலிம்பிக், நாலு உலகக் கோப்பை, நாலு ஆசிய விளையாட்டு ஆடியவர். 1998-இல் அவர் தலைமையில் பாங்காக்கில் ஆசியத் தங்கம் வந்தது. ஆனால் ஒலிம்பிக் பதக்கம் ஒன்றுகூடக் கிடையாது. பதக்கம் எண்ணும் தராசில் வைத்தால் தியான் சந்த் மூன்று, தன்ராஜ் பூஜ்யம். பந்தோடு அவர் தலைமுடி பறக்க ஓடியதைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் அந்தத் தராசைத் தூக்கி எறிந்துவிடுவார்கள்.

ஓய்வு பெற்ற ஆசிரியர் நண்பர் ஒருவரிடம் இதையெல்லாம் சொன்னபோது அவர் ஒரு கேள்வி கேட்டார். "என் பேரனுக்கு ஹாக்கியே தெரியாது. தெரிந்ததைச் சொல்லித்தானே தெரியாததை விளக்க முடியும்? பிராட்மன் என்றால் டக்கென்று பிடித்துக்கொள்வான். இதில் என்ன குற்றம்?" நல்ல கேள்வி. வகுப்பறை தெரிந்தவரின் கேள்வி. ஒப்பீடே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஒப்பீடு என்பது ஏணி. மாடிக்கு ஏறியதும் ஏணியை விட்டுவிட்டு மாடியைப் பார்க்க வேண்டும். நாம் ஏணியிலேயே நின்றுகொண்டு மாடி அருமை என்கிறோம். "ஹாக்கியின் பிராட்மன்" என்று சொன்ன பிறகு பேரனிடம் வேறு என்ன சொன்னீர்கள் என்று நண்பரைக் கேட்டேன். சிரித்துவிட்டார்.

ஆட்டம் தெரிந்த ஊரில் ஏணியே தேவைப்படுவதில்லை. குடகுக்குப் போய்ப் பாருங்கள். 1997 முதல் அங்கே கொடவர் குடும்பங்களுக்கு இடையே ஹாக்கித் திருவிழா நடக்கிறது. முந்நூறுக்கும் மேற்பட்ட குடும்ப அணிகள் இறங்கிய வருஷங்கள் உண்டு. மாமனும் மருமகனும், தாத்தாவும் பேத்தியும் ஒரே அணியில் ஆடுவார்கள். எம்.பி. கணேஷ், பி.பி. கோவிந்தா எல்லாம் அந்த மண்ணிலிருந்து வந்தவர்கள். அங்கே போய் "கோவிந்தா எந்தக் கிரிக்கெட்காரர் மாதிரி?" என்று கேட்டால் உங்களை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள்.

நம் மாநிலத்திலும் அப்படி ஓர் ஊர் இருக்கிறது. தீப்பெட்டிக்கும் கடலைமிட்டாய்க்கும் பேர் போன கோவில்பட்டி. அந்த ஊர் மாரீஸ்வரன் சக்திவேலும், அங்கே பயிற்சி பெற்ற அரியலூர் கார்த்தியும் 2022-இல் இந்தியச் சட்டை போட்டு ஆசியக் கோப்பை ஆடினார்கள். அதற்கும் முன்னால் 1968 மெக்சிகோவிலும் 1972 மியூனிக்கிலும் வெண்கலம் வாங்கிய அணிகளில் கிருஷ்ணமூர்த்தி பெருமாள் இருந்தார். 1975-இல் கோலாலம்பூரில் உலகக் கோப்பை வென்ற அணியில் வி.ஜே. பிலிப்ஸ் இருந்தார். அந்த இறுதியாட்டத்தில் வெற்றிக் கோல் போட்டவர் தியான் சந்தின் மகன் அசோக் குமார். 1980 மாஸ்கோவில் ஸ்பெயினை 4-3 என்று வென்று தங்கம் வாங்கிய அணிக்கு நம் வாசுதேவன் பாஸ்கரன் தலைவர். பாஸ்கரனைத் "தமிழ்நாட்டுக் கபில்தேவ்" என்று யாராவது எழுதினால் கேட்டுக்கொண்டு இருப்பீர்களா? கபில்தேவ் கோப்பை வாங்கியதே மூன்று வருஷம் கழித்து 1983-இல் தானே!

விருது விஷயத்திலும் இந்த ஒப்பீடுதான் குறுக்கே நிற்கிறது. விளையாட்டுக்காரர்களில் பாரத ரத்னா வாங்கியவர் சச்சின் டெண்டுல்கர் ஒருவர்தான். 2014 பிப்ரவரியில் வாங்கினார். அவர் தகுதியில் யாரும் குறை சொல்ல முடியாது. தியான் சந்துக்கும் கொடுக்க வேண்டும் என்று பல வருஷமாகக் குரல் எழுகிறது. ஆனால் அந்தக் குரல் எப்படி எழுகிறது? "சச்சினுக்குக் கொடுத்தார்களே, தியான் சந்துக்கு ஏன் இல்லை?" என்றுதான் எழுகிறது. மறுபடியும் கிரிக்கெட்டின் தோளில் கை போட்டு நிற்கிறோம். சச்சின் பேட்டே பிடிக்காதவராக இருந்திருந்தாலும் தியான் சந்தின் மூன்று தங்கம் மூன்று தங்கம்தான். அவர் மனுவை அவர் தகுதியை வைத்தே எழுத வேண்டும். அடுத்த மேசைக்காரருக்குப் பதவி உயர்வு வந்தது, எனக்கும் வேண்டும் என்று எழுதப்பட்ட மனு எந்த அலுவலகத்திலும் எடுபட்டதில்லை. அது என் சர்வீஸ் அனுபவம்.

2021-இல் கேல் ரத்னா விருதுக்கு அவர் பெயரை வைத்தார்கள். பிறந்த நாளைத் தேசிய விளையாட்டு தினம் என்கிறோம். எல்லாம் நல்லதே. ஆனால் அந்த மனிதர் 1979 டிசம்பர் 3 அன்று டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் பொது வார்டில்தான் கண்ணை மூடினார். உயிரோடு இருந்தபோது அவர் யாரென்று தெரிந்துகொள்ளாமல், போன பிறகு இன்னொருவர் பெயரால் அடையாளம் சொல்கிறோம். இது எனக்கு உறுத்துகிறது.

அவர் வாழ்க்கையை அவரே எழுதியிருக்கிறார். "கோல்" என்று பெயர். 1952-இல் வெளியானது. வெளியிட்டது எங்கே தெரியுமா? நம் சென்னையில். "ஸ்போர்ட் அண்ட் பாஸ்டைம்" பத்திரிகைக்காரர்கள் அச்சிட்டார்கள். ஹாக்கி மேதையின் சொந்தக் கதையை முதலில் அச்சில் ஏற்றிய பெருமை சென்னைக்கு இருக்கும்போது, நாம் ஏன் பிராட்மனைக் கடன் வாங்க வேண்டும்?

இந்த வருஷம் ஆகஸ்ட் 29 அன்று ஒரு காரியம் செய்து பாருங்கள். பேரப் பிள்ளைகளைக் கூப்பிட்டு, எந்தக் கிரிக்கெட்காரர் பெயரும் கால்பந்துக்காரர் பெயரும் எடுக்காமல், தியான் சந்தைப் பற்றி ஐந்தாறு வாக்கியம் சொல்லுங்கள். முடியாது என்று தோன்றினால் நான் தொடங்கிவைக்கிறேன்.

அலகாபாத்தில் ஒரு சிப்பாய் வீட்டில் தியான் சிங் என்ற பெயரோடு பிறந்தார். பதினாறு வயசில் பட்டாளத்தில் சேர்ந்து அங்கேதான் ஒழுங்காக மட்டையைப் பிடித்தார். வேலை முடிந்து நிலா வெளிச்சத்தில் பயிற்சி செய்ததால் தோழர்கள் அவரைச் சந்த் என்று அழைத்ததாகச் சொல்வார்கள். சந்த் என்றால் நிலா. மூன்று ஒலிம்பிக் ஆடினார், மூன்றிலும் தங்கம் வாங்கினார். பந்து அவர் மட்டையில் ஒட்டிக்கொண்டது போல ஓடினார், ஆனால் தன்னைவிட நல்ல இடத்தில் ஒருவன் நின்றால் பந்தை அவனுக்குக் கொடுத்தார். சிப்பாயாகச் சேர்ந்து மேஜராக ஓய்வு பெற்றார்.

பிள்ளைகள் அதற்கு மேலும் கேட்பார்கள். மட்டை எப்படி இருக்கும், ஒரு பக்கத்தால் மட்டும் எப்படி அடிப்பார்கள் என்று கேட்பார்கள். மூங்கில் கழி ஒன்றை எடுத்துக் காட்டிச் சொல்லுங்கள். பிராட்மனைப் பற்றி வேறொரு நாள், 27-ஆம் தேதி, தனியாகச் சொல்லிக்கொள்ளலாம். அவரும் தனியாகச் சொல்லத் தகுந்த மனிதர்தான்.